காப்பும் கரைப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இசையும் நாடகமும் நடைபெறும் மேடையில் விஞ்ஞானத்திற்கும் சிறிது நேரம் ஒதுக்கிய சங்கத்தாரை முதற்கண் பாராட்டுகிறோம். நம் காலனிக் குழந்தைகள் பள்ளியில் விஞ்ஞானத்தை வேற்று மொழியில் பயில்கின்றனர். வீட்டிற்கு வந்து தமிழில் உண்கின்றனர், விளையாடுகின்றனர், சண்டையிடுகின்றனர். நாளடைவில், தமிழ் அடுக்களைக்கு உரிய மொழி, அறிவுக்கு உரிய மொழி வேறு என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றிவிடக் கூடும். அவ்வெண்ணம் வேரூன்றிய வீட்டில் மூன்றாம் தலைமுறைக்குத் தமிழ் எஞ்சுவது அரிது. ஆகவே, நுட்பமான ஒரு விஞ்ஞானப் பொருளையே தேர்ந்து, அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம் என்று துணிந்தோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் கைட்டினைக் கரைக்கும் நொதிகள் என்பதாகும். பெயர் புதிதாயினும் பொருள் பழையது. அடுக்களையில் இரவில் ஓடும் கரப்பானின் மேலோடும், இறாலின் தோடும், நண்டின் ஓடும், மழைக்காலத்தில் சுவரில் படரும் பூஞ்சணத்தின் உடற்சுவரும், தட்டில் வரும் காளானும், இவை அனைத்தும் கைட்டின் கலந்தவை. தாவரங்களின் உடலைக் கட்டும் செல்லுலோஸுக்கு அடுத்தபடியாக உயிர்கள் மிகுதியாக ஆக்கும் கட்டுப்பொருள் இதுவே. இதை ஆக்கும் உயிர்கள் எண்ணிறந்தன. ஆயின், இதைக் கரைக்கும் உயிர்களும் எண்ணிறந்தன. அந்தக் கரைக்கும் தொழிலைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

சட்டை என்னும் சொல்

பாம்பு சட்டை உரித்தது என்று நாம் சொல்வது வழக்கம். உடலை மூடிக் காப்பதைச் சட்டை எனக் கண்டது தமிழ் உள்ளம். கடல் கடந்த நாட்டில் ஓர் அறிஞரின் உள்ளமும் அவ்வாறே சென்றது. 1823ஆம் ஆண்டில் ஓடியே என்னும் பிரெஞ்சுக்காரர் வண்டினத்தின் கடினமான சிறகுறைகளை ஆராய்ந்தார். காரத்தில் காய்ச்சியும் கரையாது நின்ற ஒரு பொருளைக் கண்டார். மேலாடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கைட்டின் என்று பெயர் சூட்டினார். பாம்பின் சட்டை மட்டும் இப்பொருளால் ஆனதன்று. அது நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டினால் ஆனது. பெயரில் உறவு உண்டு, பொருளில் இல்லை.

ஓடியேவுக்கு முன்பே, 1811இல், பிராக்கோனோ என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர் காளானிலிருந்து இப்பொருளைப் பிரித்திருந்தார். காளானின் உடலும் வண்டின் ஓடும் ஒரே பொருளைக் கொண்டவை என்பது வியப்பன்றோ? 1876இல் லெடர்ஹோசு என்னும் ஜெர்மானியர் கைட்டினைக் கடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சி, அதிலிருந்து குளுக்கோசமைன் என்னும் நைட்ரஜன் கொண்ட சர்க்கரையைப் பெற்றார். முழங்கால் வலிக்கு நம்மில் மூத்தோர் சிலர் விழுங்கும் குளுக்கோசமைன் மாத்திரை இதுவே. இன்றும் அதன் பெரும்பகுதி இறால், நண்டு ஓடுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது.

கயிறும் கத்தரியும்

கைட்டினின் அமைப்பை அறியத் தேங்காய் நார்க் கயிற்றை நினைத்துக்கொண்டால் போதும். அசிட்டைல் குளுக்கோசமைன் என்னும் சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு ஒரு நார் ஆகின்றன. பல நார்கள் அருகருகே படிந்து, ஒன்றையொன்று இறுகப் பற்றி ஒரு புரி ஆகின்றன. பூச்சியில் புரதமும், நண்டில் சுண்ணாம்புச் சத்தும் இப்புரிகளின் இடையே நிரம்ப, வளையவும் முறியாமலும் நிற்கும் ஓடு பிறக்கிறது. நீர் இதைக் கரைப்பதில்லை. நம் சமையல் வெப்பமும் இதைக் குலைப்பதில்லை.

இத்தகைய கயிற்றை அறுப்பது எங்ஙனம்? உயிர்கள் கண்ட வழி நொதி. நொதி என்பது உடல் தானே ஆக்கும் ஒரு புரதம். ஒரு வேதிச் செயலை விரைவுபடுத்தும். தான் செலவாகாமல் மீண்டும் மீண்டும் அச்செயலைச் செய்யும். கைட்டினை அறுக்கும் நொதிக்குக் கைட்டினேஸ் என்று பெயர். இரண்டு சர்க்கரைகளை இணைக்கும் பிணைப்பில் ஒரு நீர் மூலக்கூறைப் புகுத்தி அது அப்பிணைப்பை விடுவிக்கிறது.

ஒரே கத்தரியால் இவ்வேலை முடிவதில்லை. மண்ணில் வாழும் செராஷியா என்னும் பாக்டீரியாவை ஆராய்ந்தோர் அதனிடம் மூன்று கைட்டினேஸ்களைக் கண்டனர். ஒன்று நாரின் ஒரு முனையிலிருந்து அறுத்துக்கொண்டு வருகிறது. மற்றொன்று எதிர்முனையிலிருந்து வருகிறது. மூன்றாவது நடுவே வெட்டிப் புதிய முனைகளை உண்டாக்குகிறது. இவை துண்டித்த இரட்டைச் சர்க்கரையை வேறொரு நொதி ஒற்றைச் சர்க்கரையாக்குகிறது. நார்கள் இறுகப் படிந்த இடத்தில் கத்தரி நுழைவது எப்படி என்னும் வினா நெடுநாள் விடையின்றி நின்றது. 2010இல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் அதற்கும் விடை கண்டனர். அதே பாக்டீரியா சுரக்கும் ஒரு சிறு புரதம் ஆக்சிஜனைத் துணைகொண்டு கயிற்றின் மேற்பரப்பையே உடைத்து நெகிழ்த்துகிறது. அதன் பின் கத்தரிகள் எளிதில் நுழைகின்றன.

இந்நொதி ஆராய்ச்சியின் வரலாற்றில் நத்தைக்கும் ஓர் இடம் உண்டு. 1929இல் சூரிச் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் பால் காரரிடம் பயின்ற ஆல்பர்ட் ஹாப்மன் என்னும் இளைஞர், திராட்சைத் தோட்டத்து நத்தையின் குடற்சாற்றைக் கொண்டு கைட்டினைக் கரைத்து, அதன் அமைப்பை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பேராசிரியர் காரர் 1937இல் நோபல் பரிசு பெற்றார்; மாணவர் ஹாப்மன் பின்னாளில் வேறு மருந்துப் பொருள்களால் உலகப் புகழ் பெற்றார். நத்தையோ தன் வழியே ஊர்ந்து சென்றது!

கடலின் கணக்கு

இனி, இந்நொதி இல்லாவிடின் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்போம்.

கடல்நீரில் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சிறு ஓட்டுயிர்கள் கோடானுகோடி மிதக்கின்றன. அவை வளரும்போதெல்லாம் ஓட்டை உதிர்க்கின்றன. இறந்தபின் உடலையே உதிர்க்கின்றன. உதிர்ந்த ஓடுகள் ஆழ்கடலை நோக்கிப் பனிபோல் ஓயாது பொழிகின்றன. ஆண்டுதோறும் இவ்வாறு உண்டாகும் கைட்டின் நூறு கோடி டன் கணக்கில் அளவிடப்படுவது. ஆயினும் கடலடி வண்டலை அள்ளிப் பார்த்தால் கைட்டின் மிகச் சிறிதளவே கிடைக்கிறது. மற்றவை எங்கே? நீரில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றைக் கரைத்து உண்டுவிட்டன.

அவை உண்ணாதிருந்தால் கார்பனும் நைட்ரஜனும் ஓடுகளுக்குள்ளேயே பூட்டப்பட்டு, கடலின் அடியில் மலைபோல் குவிந்திருக்கும். மேலே பாசிக்கு உணவில்லை, பாசியின்றிச் சிறு உயிர்கள் இல்லை, அவையின்றி மீனில்லை. பூட்டிய செல்வத்தைத் திறந்து மீண்டும் புழக்கத்தில் விடும் திறவுகோல் இந்நொதிகள். செலவில்லாத சேமிப்பு ஒரு நாட்டின் வாணிகத்தை நிறுத்துவதுபோல, கரைப்பில்லாத காப்பு உலகின் உயிரோட்டத்தை நிறுத்திவிடும்.

ஆயின் அதே திறவுகோல் தீயவன் கையிலும் உண்டு. காலரா நோயின் கிருமி உவர்நீரில் வாழ்வது. அது சிறு ஓட்டுயிர்களின் கைட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, அதையே கரைத்து உண்டு பெருகுகிறது. கைட்டினின் மேல் வாழும்போது அக்கிருமி வெளியிலிருந்து பிற கிருமிகளின் மரபுப் பொருளை ஏற்று, புதிய இயல்புகளைப் பெறவும் வல்லது என்று 2005இல் கண்டறியப்பட்டது.

இவ்வுண்மையிலிருந்து எளிய ஓர் உபாயமும் பிறந்தது. கிருமி தனித்தனியே மிதந்தால் துணியால் வடிகட்ட இயலாது. ஓட்டுயிரின் மேல் குடியிருந்தால், குடியிருப்போடு சேர்த்து வடிகட்டலாம் அன்றோ? வங்காளதேசத்து மத்லப் பகுதியில், ரீட்டா கோல்வெல் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும், பழைய பருத்திச் சேலையை நான்கு முறைக்குக் குறையாமல் மடித்து அதன் வழியே நீரை வடித்துக் குடிக்குமாறு சிற்றூர்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தனர். காலரா 48 விழுக்காடு குறைந்தது என்று 2003இல் அறிவித்தனர். புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த சேலையே இதற்கு ஏற்றது; நூலின் இடைவெளி அதில் சிறுத்துவிடுகிறது. நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே மேல் என்பதில் ஐயமில்லை. விறகும் இல்லாத ஏழைக் குடிசையில், கந்தலாகிய சேலையும் ஓர் உயிரைக் காக்கும் என்பதை நம் தாய்மார்கள் நினைவில் கொள்வார்களாக.

வளர்வதற்குக் கரைதல்

பூச்சியின் எலும்பு அதன் உடலுக்கு வெளியே இருக்கிறது. அதன் ஓடு பகைவனிடமிருந்து காக்கிறது. உடல்நீர் வற்றாமல் காக்கிறது. ஆனால் ஓடு வளர்வதில்லை. உள்ளே உடல் பெருக்க, வெளியே ஓடு அப்படியே நின்றால், காத்த கவசமே சிறையாகும். ஆகவே பூச்சி ஓட்டை மாற்றியே தீர வேண்டும்.

அது நிகழும் முறை ஒழுங்கு மிக்கது. தோலுரிக்கும் காலம் வந்ததும் உடலில் ஒரு சுரப்பு எழுகிறது. தோல் பழைய ஓட்டினின்று விலகுகிறது. விலகிய இடைவெளியில் ஒரு நீர் ஊறுகிறது. அந்நீரில் கைட்டினேஸ் இருக்கிறது. அது பழைய ஓட்டின் உள்ளடுக்கைக் கரைக்கிறது. கரைந்த சர்க்கரையையும் புரதச் சத்தையும் பூச்சி வீணாக்காமல் உள்வாங்கிக் கொள்கிறது. கீழே புதிய ஓடு உருவாகிறது. இறுதியில் மெல்லியதாய் எஞ்சிய வெளியடுக்கைப் பிளந்துகொண்டு பூச்சி வெளிவருகிறது. நம் பட்டுச் சேலைகளுக்கு நூல் தரும் பட்டுப்புழு, புழுப் பருவத்தில் மட்டும் 4 முறை இவ்வாறு தோலுரிக்கிறது.

இங்கே கூர்மையான ஒரு கேள்வி எழுகிறது. பழைய ஓடும் கைட்டின், புதிய ஓடும் கைட்டின். இரண்டும் ஒரு மயிரிழை இடைவெளியில் உள்ளன. பழையதைக் கரைக்கும் நீர் புதியதை ஏன் கரைப்பதில்லை? நம் வீட்டு ரவையிலும் மைதாவிலும் காணப்படும் சிவந்த மாவு வண்டு இக்கேள்விக்கு விடை தந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் முத்துகிருஷ்ணன் முதலானோர் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, புதிய ஓட்டில் ஒரு காவற்புரதம் அமைந்து அதைக் கைட்டினேஸ் தீண்டாதவாறு காக்கிறது. அப்புரதம் இல்லாத வண்டில் புதிய ஓடும் சேர்ந்தே கரைந்தது, வண்டு மாண்டது. கைட்டினேஸ் இல்லாத வண்டின் நிலை என்ன? அதையும் செய்து பார்த்தனர். அது பழைய ஓட்டைக் களைய இயலாமல் அதற்குள்ளேயே மாண்டது. கரைக்காவிடினும் சாவு, கரைக்கக் கூடாததைக் கரைப்பினும் சாவு.

ஜப்பானிய அறிஞர்கள் 1986இல் ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து அல்லோசமிடின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது கைட்டினேஸைச் செயலற்றதாக்குவது. பட்டுப்புழுவின் உடலில் அதைச் செலுத்தியபோது தோலுரிப்பு தடைப்பட்டது. இப்பொருளைச் சற்று நேரத்தில் மீண்டும் சந்திப்போம்.

பூஞ்சணமும் பயிரும்

பூஞ்சணத்தின் உடற்சுவர் கைட்டின் கொண்டது என்றோம். ரொட்டியைப் புளிக்க வைக்கும் ஈஸ்டும் அவ்வினத்தது. தாய் ஈஸ்டின் பக்கத்தில் மகள் மொட்டாக அரும்புகிறது. இருவருக்கும் இடையே ஒரு கைட்டின் சுவர் அமைகிறது. மகள் தனித்துச் செல்லும் காலம் வந்ததும் கைட்டினேஸ் அச்சுவரைக் கரைத்து விடுவிக்கிறது. இந்நொதி நீக்கப்பட்ட ஈஸ்ட், தாயும் மகளும் பேத்தியும் பிரியாமல் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடப்பதை 1991இல் கண்டனர். கூட்டுக் குடும்பம் நல்லதுதான். ஆயினும் ஈஸ்டுக்குப் பிரியும் கலையும் வேண்டியிருக்கிறது!

மண்ணில் டிரைக்கோடெர்மா என்றொரு பூஞ்சணம் உண்டு. அது பிற பூஞ்சணங்களைச் சுற்றி வளைத்து, கைட்டினேஸ் முதலிய நொதிகளால் அவற்றின் சுவரைத் துளைத்து உண்கிறது. முள்ளை முள்ளால் எடுப்பதுபோல, பயிரை அழுகச் செய்யும் பூஞ்சணத்தை இதனால் அடக்குகின்றனர். விதை கிலோ ஒன்றுக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து விதைக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்க்குப் பரிந்துரைக்கிறது. ஊரில் நிலக்கடலையும் பயறும் பயிரிடும் நம் உறவினரைக் கேட்டால் இதன் பெயர் தெரிந்திருக்கும்.

செடிகொடிகளின் செயல் இன்னும் வியப்புக்குரியது. தாவரத்தின் உடலில் கைட்டின் என்பதே கிடையாது. ஆயினும் அது கைட்டினேஸை ஆக்குகிறது. தன்னிடம் இல்லாத பொருளுக்குக் கத்தரி எதற்கு? பகைவனிடம் அப்பொருள் இருப்பதால். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆராய்ச்சியாளர், தாவரக் கைட்டினேஸ் பூஞ்சணத்தின் வளர்ச்சியை நேரே தடுப்பதை 1986இல் மெய்ப்பித்தனர். கைட்டினேஸ் பகைவனைத் தாக்கும் படைமட்டுமன்று, ஒற்றனும் ஆகும். அது நறுக்கிய கைட்டின் துணுக்குகளைச் செடியின் செல்கள் தனி உணர்கருவிகளால் உணர்ந்து, எதிரி வந்துவிட்டான் என்று அறிகின்றன. அவரையினத்தின் நொதி மரபணுவைப் புகையிலையில் புகுத்தியபோது அது வேரழுகல் பூஞ்சணத்தை எதிர்த்து நின்றது, இது 1991இல். நெல்லிலும் இவ்வாறு ஒரு கைட்டினேஸ் மரபணுவைச் சேர்த்து இலையுறைக் கருகல் நோயைத் தாங்கும் பயிரை 1995இல் உருவாக்கினர். அம்முயற்சியிலும் முன்னர்க் கூறிய பேராசிரியர் முத்துகிருஷ்ணனுக்குப் பங்குண்டு.

பகைவனும் சும்மா இருப்பதில்லை. தக்காளி இலையைத் தாக்கும் ஒரு பூஞ்சணம் தன் கைட்டின்மேல் ஒரு புரதத்தைப் போர்த்திக்கொண்டு செடியின் நொதியை ஏமாற்றுகிறது. செடியோ சில வகைகளில் அப்போர்வையையே அடையாளமாகக் கண்டு எதிர்க்கிறது. கோட்டையும் முற்றுகையுமாக இப்போர் ஊழி ஊழியாக நடந்து வருகிறது.

நம் நாட்டு மேகாலயத்தின் காசி, காரோ மலைகளில் குடுவைச் செடி ஒன்று வளர்கிறது. அவ்வினத்தில் இந்தியாவுக்கு உரியது அது ஒன்றே. காசி மக்கள் அதை அரக்கன் மலர் என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். இலை நுனி குடுவையாகி, அதில் நீர் தேங்கி, அதில் விழும் பூச்சியைச் செடி செரித்து உண்கிறது. அக்குடுவை நீரில் கைட்டினேஸ் இருப்பதையும், கைட்டின் பட்டால் அது மிகுவதையும் 2006இல் விளக்கினர். பூஞ்சணத்தைத் தடுக்கப் பிறந்த ஆயுதத்தை இச்செடி உணவு தேடும் கருவியாகவும் கொண்டது.

பயிரைக் காக்கும் இந்நொதி சிலருக்கு ஒவ்வாமையையும் தருவதுண்டு. ரப்பர்ப் பாலிலுள்ள ஹெவின் என்னும் புரதத்தின் சாயல், வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம் முதலியவற்றிலுள்ள ஒருவகைக் கைட்டினேஸில் உண்டு. ஆகவே ரப்பர்க் கையுறை ஒவ்வாத மருத்துவர், தாதியர் சிலருக்கு வாழைப்பழமும் ஒவ்வாமற் போகிறது.

கொசுவின் வயிற்றில்

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் நிறமணிகள் கொண்ட செல்களைக் கண்டார். மலேரியா கொசுவால் பரவுவது என்னும் உண்மை அன்றே புலப்படத் தொடங்கியது. 1902இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

ஆயின் மலேரியாக் கிருமி வயிற்றின் உள்ளிருந்து சுவருக்கு எவ்வாறு சென்றது? கொசு இரத்தம் குடித்தவுடன் அதன் வயிற்றில் அவ்விரத்தத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உருவாகிறது. அவ்வுறையில் கைட்டின் உண்டு. கிருமி அதற்குள் அடைபட்டு, செரித்துப்போக வேண்டியதுதான். ஆனால் கிருமி தானே ஒரு கைட்டினேஸைச் சுரந்து உறையில் வழி செய்துகொண்டு வெளியேறுகிறது. 1993இல் கோழி மலேரியாக் கிருமியைக் கொண்டு இதைச் சோதித்தனர். கொசு குடிக்கும் இரத்தத்தில் அல்லோசமிடினைக் கலந்தனர். பட்டுப்புழுவைத் தடுத்த அதே பொருள்தான். கிருமி உறையைக் கடக்க முடியவில்லை. வயிற்றுச் சுவரில் ராஸ் கண்டது போன்ற செல்கள் தோன்றவில்லை. ஓர் உறையைத் திறக்கும் ஒரு நொதியின் மேல் அக்கொடிய நோயின் பயணம் முழுதும் தங்கியிருப்பதை இதனால் அறிகிறோம்.

நம் உடலில்

நம் உடல் கைட்டினை ஆக்குவதில்லை. ஆகவே நமக்குக் கைட்டினேஸ் இராது என்றே நெடுங்காலம் பலரும் கருதினர். 1994இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து மருத்துவ ஆராய்ச்சியாளர், கோஷே நோய் என்னும் அரிய பரம்பரை நோயுற்றோரின் இரத்தத்தில் ஒரு கைட்டினேஸ் பன்னூறு மடங்கு மிகுந்திருப்பதைக் கண்டனர். நம் வெள்ளணுக்களில் ஒருவகை சுரப்பது அது. மருந்தினால் நோய் தணிகிறதா என்று அறிய இன்று அதன் அளவு உதவுகிறது. இன்னொரு வியப்பு: ஐரோப்பிய மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பேரிடம், மரபணுவில் 24 எழுத்துக்கள் இரட்டித்திருப்பதால், இந்நொதி வேலை செய்வதில்லை, அவர்களும் நலமாகவே வாழ்கின்றனர்.

2001இல் இரண்டாவது கைட்டினேஸும் கிடைத்தது. இரைப்பையின் புளிப்பிலும் வேலை செய்யக் கூடியது இது. 2007இல் இத்தாலியில் 25 பேரின் இரைப்பைச் சாற்றைச் சோதித்ததில், 20 பேரிடம் கைட்டினைக் கரைக்கும் ஆற்றல் இருந்தது; 5 பேரிடம் ஏறத்தாழ இல்லை. மழைக்கால மாலையில் ஈசலை வறுத்துப் பொரியோடு உண்ட நம் கிராமத்து முன்னோருக்கு இச்செய்தி வேடிக்கையாக இருந்திருக்கும். அவர்கள் ஆராய்ச்சிக்குக் காத்திராமலே உண்டனர். 2018இல் பல பாலூட்டிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, இவற்றின் பொது முன்னோரிடம் இவ்வகை மரபணுக்கள் 5 இருந்தன என்று கண்டனர். பூச்சியே உணவாகக் கொண்ட தார்சியர் என்னும் சிறு விலங்கிடம் 5 இன்றும் வேலை செய்கின்றன. மனிதனிடம் வேலை செய்வது ஒன்று. மூன்றின் சிதைந்த எச்சம் மட்டும் கிடக்கிறது. நம் மூதாதையர் ஒரு காலத்தில் பூச்சி தின்று வாழ்ந்த வரலாறு நம் உடலிலேயே இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது.

இனிச் சொல்லப்போவதே நம் பேச்சின் உயிரிடம் எனலாம். இரைப்பையில் காணும் இந்நொதி நுரையீரலிலும் உண்டு. 2004இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார், ஆஸ்துமா உண்டாக்கப்பட்ட எலிகளின் நுரையீரலில் இந்நொதி மிகுந்திருப்பதையும், அதைத் தடுத்தால் அழற்சி தணிவதையும் அறிவித்தனர். நொதியே குற்றவாளி, அதை அடக்கினால் ஆஸ்துமா அடங்கும் என்று பலரும் நம்பிக்கை கொண்டனர்.

2017இல் சான்பிரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர் மறுபக்கத்தைக் காட்டினர். இந்நொதி இல்லாத எலிகளை வளர்த்து, அவை முதுமை எய்தும்வரை பார்த்தனர். மூச்சோடு உட்செல்லும் கைட்டின் துகள்கள் கரைய வழியின்றி அவற்றின் மூச்சுக்குழல்களில் தேங்கின. நாளடைவில் நுரையீரல் தழும்பேறி இறுகியது. நொதியை மீண்டும் நுரையீரலுக்கு அளித்தபோது தீங்கு குறைந்தது. நாம் மூச்சு விடும் காற்றில் கரப்பானின் ஓட்டுத் தூள் உண்டு, தூசிப் பூச்சியின் துகள் உண்டு, பூஞ்சண வித்து உண்டு. அவற்றை ஓசையின்றித் துப்புரவு செய்யும் தொழிலாளியையே குற்றவாளி என்று கருத நேர்ந்தது!

கலகம் நடந்த இடத்தில் காவலர் மிகுந்திருந்தால், காவலரே கலகம் செய்தனர் என்று முடிவு கட்டலாமா? முதலில் வந்த ஆராய்ச்சி பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. குறுகிய காலத்தில் பார்த்ததற்கும் நெடுங்காலம் பார்த்ததற்கும், மிகுதியாய் இருப்பதற்கும் அறவே இல்லாமைக்கும் வேற்றுமை உண்டு என்பதே பாடம். ஆஸ்துமா உள்ள வீடுகளில் இப்போதைக்குச் செய்யத்தக்கது எளிது: மருத்துவர் கொடுத்த மருந்தை விடாதிருத்தல், கரப்பானை ஒழித்தல், சுவரின் ஈரத்தை நீக்கிப் பூஞ்சணம் படராமற் காத்தல், மெத்தை, தலையணைகளைத் தூய்மையாக வைத்தல். நொதியின் சுமையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

நிறைவாக

பெரியோர்களே! ஒரே நொதி கடலை வாழ வைக்கிறது, காலராவுக்கும் உணவூட்டுகிறது. பயிரைக் காக்கிறது, மலேரியாவுக்கும் வழி திறக்கிறது. பூச்சியை வளர்க்கிறது, காவற்புரதம் இல்லாவிடின் அப்பூச்சியையே கொல்கிறது. அதனை நல்லது என்றோ தீயது என்றோ ஒரு சொல்லில் முடிக்க இயலாது. எங்கே, எப்பொழுது, எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். நொதிக்கு மட்டுமன்றி மனிதர்க்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறோம்.

ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்து குடியேறிய நாமும் ஒரு வகையில் ஓடு மாற்றியவர்களே. வந்த இடத்தின் மொழியைக் கற்றோம், உணவை ஏற்றோம், உடையை மாற்றினோம். பழைய ஓட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்திருந்தால் வளர்ந்திருக்க மாட்டோம். ஆயினும் அச்சிறு பூச்சி தன் பழைய ஓட்டை அப்படியே எறிந்துவிடவில்லை என்பதையும் கண்டோம். அதிலுள்ள சத்தைக் கரைத்து உள்வாங்கிக் கொண்டே அது வளர்ந்தது. நம் குழந்தைகள் புதிய மொழிகளில் வல்லவராகட்டும்; பழைய மொழியின் சத்தும் அவர்கள் உடலில் ஊறட்டும்.

இவ்வுரையில் நொதி, மரபணு, ஒவ்வாமை, சுரப்பு முதலிய சொற்கள் வந்தன. கைட்டின், கைட்டினேஸ் போன்ற பெயர்களை உலகத்தார் வழங்குவதுபோலவே வைத்துக்கொண்டோம். தமிழ் எங்கும் தடுமாறவில்லை. இன்றிரவு வீடு திரும்பியதும், கரப்பானின் ஓடு எதனால் ஆனது, அது எங்கே போகிறது என்று ஒரு குழந்தை தன் பாட்டியைத் தமிழில் கேட்டு, பாட்டியும் தமிழில் விடை சொல்வாரானால், இந்த மேடையில் நமக்களித்த நேரம் வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.